கீரைக் கூட்டு சொல்லும் தோட்டத்து வரலாறு



நம் இல்லங்களில் வாரத்திற்கு ஒரு நாளேனும் அடுப்பில் ஏறும் எளிய உணவு கீரைக் கூட்டு. விருந்தினர் வந்தால் இதை நாம் முன்னே வைப்பதில்லை. கோழியும் மீனும் வைத்த பிறகு, இடமிருந்தால் ஓரமாக வைப்போம். பிள்ளைகளோ தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர். இந்நாட்டில் தமிழர்கள் வாழ்ந்த வாழ்க்கையை அறிய வேண்டுமானால், இந்தக் கூட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பது நல்ல தொடக்கமாகும் என்பது என் எண்ணம்.

கூட்டு என்ற சொல்லே இரண்டு பொருள்கள் கூடுவதைக் குறிக்கிறது. ஒன்று கீரை, மற்றொன்று பருப்பு. கீரை மண் தருவது. வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கைமுதல் இல்லாமல் கிடைப்பது. பருப்பு காசு தருவது. கடைக்குச் சென்று விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆகவே, ஒரு வீட்டுக் கூட்டில் எவ்வளவு பருப்பு இருக்கிறது என்பதைப் பார்த்தே அவ்வீட்டின் நிலையை ஓரளவு கணித்துவிடலாம். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

கதவை அடைத்துச் சமைத்தவள்

சங்க இலக்கியத்தில் கீரைக்கு அடகு என்றொரு பெயரும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் ஓர் ஏழைப் பாணனின் வீட்டைக் காட்டுகிறார். அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அதை உண்ணும்போது வறுமையை அறியாத பிறர் கண்டுவிடுவார்களோ என நாணி வாயிற்கதவை அடைக்கிறாள். புறநானூற்றிலும் இதை ஒத்த காட்சி உண்டு. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாடலில், குப்பைக்கீரையின் இளந்தளிரைப் பறித்து உப்பும் மோரும் சோறும் இல்லாமல் அவித்து உண்ட தம் குடும்பத்தின் நிலையைச் சொல்கிறார்.

இவ்விரு இடங்களிலும் கீரை இருக்கிறது. உடன் சேர வேண்டிய எதுவும் இல்லை. கீரை மட்டும் தனித்து வெந்தால் அது பசியின் அடையாளம் என்பதை நம் புலவர்கள் அன்றே பதிவு செய்துவிட்டனர். அந்த அடைத்த கதவை நாம் மறந்துவிடக் கூடாது. கீரை உண்பதை வெளியில் சொல்லக் கூசும் மனம் நம்மிடையே அவ்வளவு பழமையானது.

பருப்பின் கதையும் பழையதே. கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளில் உள்ள புதிய கற்கால ஊர்களின் அகழாய்வுகளில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாசிப்பயறும் கொள்ளும் கிடைத்துள்ளன. துவரையும் இந்திய மண்ணில் முதன்முதலில் பயிராக்கப்பட்டதே. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு, கோயில் அமுதுக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுகிறது. அரிசி, பயறு, நெய், தயிர் முதலியவற்றோடு மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகிய காயப்பொருள்களும் அதில் இடம்பெறுகின்றன.

அப்பட்டியலில் மிளகாய் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கவும் முடியாது. மிளகாயும் தக்காளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1492-இல் கொலம்பசு அங்குச் சென்ற பின்னரே அவை உலகின் பிற பகுதிகளுக்குப் பரவின. இந்தியாவுக்கு மிளகாயைக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியர். நம் முன்னோரின் கூட்டில் காரம் தந்தது மிளகு. தொன்மையானது என்று நாம் கருதும் உணவும் காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது.

கப்பலேறிய சமையல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் பினாங்கு, புரோவின்ஸ் வெல்லெஸ்லி ஆகிய பகுதிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டு வரப்பட்டனர். பின்னர் காப்பித் தோட்டங்களுக்கும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாக வந்தனர். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, அங்கிருந்து கப்பலேறியவர்கள் பலர்.

அவர்கள் கொண்டு வந்த மூட்டையில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. சமைக்கும் முறையோ மனத்தில் இருந்தது. அதைத் தோட்டத்து வேலையின் நேரத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விடியுமுன் பிரட்டுக்குச் செல்ல வேண்டும். பெண்களும் ஆண்களுக்கு இணையாகப் பால்மரம் வெட்டினர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தன. பால் எடுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது உச்சி வேளை கடந்திருக்கும். அதன் பிறகே அடுப்பு மூட்ட வேண்டும். அத்தகைய வீட்டில் கீரை ஒரு வரம். கொதி வந்த பின் சில நிமிடங்களில் வெந்துவிடும். பாசிப்பருப்பும் ஊறவைக்காமலே விரைவில் குழையும்.

ஊரில் கண்ட கீரைகள் சில இங்கும் கிடைத்தன. தண்டுக்கீரைக்கு மலாய்க்காரர்கள் பாயாம் என்று பெயர் வைத்திருந்தனர். அவர்கள் கங்கோங் என்றது நம் வள்ளைக்கீரை. சங்கப் பாடல்களில் நீர்நிலைகளில் படரும் கொடியாக வரும் வள்ளையும் மாலைச் சந்தையில் நாம் கட்டாக வாங்கும் கங்கோங்கும் ஒன்றே என்பதை மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் வியந்து போவார்கள். முருங்கை எங்கு ஒடித்து நட்டாலும் தழைத்தது.

புதிய கீரைகளையும் நம்மவர்கள் கற்றுக்கொண்டனர். மரவள்ளித் தளிரை மலாய்க்காரர்கள் நன்றாக அவித்து உண்பர். அதில் நச்சுத்தன்மை வாய்ந்த சயனைடுச் சேர்மங்கள் உண்டாதலால் இடித்தோ, நறுக்கியோ நெடுநேரம் அவித்து, அந்த நீரை வடித்துவிட்டே சமைக்க வேண்டும். சேக்கூர் மானிஸ் எனப்படும் தவசிக்கீரையும் அவ்வாறே நம் சட்டிக்குள் வந்தது. இதையும் வேகவைத்தே உண்பது வழக்கம். 1990-களில் தைவானில் உடல் எடையைக் குறைக்க விரும்பிய பலர் இக்கீரையைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் பருகி, மீளா நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். சமைக்கும் முறையோடு சேர்த்துக் கற்றால்தான் ஒரு கீரையைக் கற்றதாகும்.

அரிசியும் பெரிபெரியும்

இவ்விடத்தில் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஓர் அறிவியல் வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இறுதியில் இதயம் செயலிழக்கும் கொடிய நோய் அது. சீனத் தொழிலாளர்களிடையே பெருமளவில் கண்ட இந்நோய், தமிழர்களிடையே மிகவும் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, இதற்குக் காரணம் அவரவர் உண்ணும் அரிசி என்று எழுதினார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905-06-இல் இதனைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய சயாம் அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒருவருக்கும் மேல் பெரிபெரி கண்டது. அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் சாவகத் தொழிலாளர்களிடையே ஆய்வு செய்து இதனை உறுதிப்படுத்தினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது உயிர்ச்சத்துகள் கண்டறியப்பட்ட பின்னரே விளங்கியது. பருப்பிலும் இச்சத்து உண்டு.

புழுங்கல் அரிசிச் சோறும் பருப்பும் கீரையும் என்ற நம் ஏழை உணவின் உள்ளே இவ்வளவு அறிவு இருந்தது. நெல்லை அவித்த நம் பாட்டிமார்களுக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. ஆனாலும், பயன் கிட்டியது.

ஐம்பது காசும் பதினாறில் ஒரு பங்கும்

இதனால் தோட்டத்து மக்கள் நிறைவாக உண்டனர் என்று எண்ணிவிடக் கூடாது. பருப்பு காசு தருவது என்றேன் அல்லவா? அக்காசின் கதையைப் பார்ப்போம். 1920-களின் இறுதியில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்ததும் 1930-இல் இது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். பழைய கூலியை மீண்டும் வழங்க வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளுள் ஒன்று.

அக்காலத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்துடன் வாழும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அது. கணக்கிட்டால் ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் பள்ளிகளில் நான்கு வகுப்பறைகள் அடங்கும் பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி குறைந்தபோது சட்டியில் பருப்பு குறைந்திருக்கும். அந்தச் சிறு நிலத்திலிருந்து வந்த கீரை கூடியிருக்கும். நீர்த்துப்போன பருப்புக் குழம்பில் கீரையை அள்ளிப் போட்டு ஆறு பேருக்குப் பரிமாறிய தாய்மார்களின் திறமையை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தம் சட்டியில் பருப்பு குறைவாக இருந்தவர்கள் தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கேட்டார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பருப்பில்லாத ஆண்டுகள்

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. இந்தியாவுடனான கப்பல் போக்குவரத்து நின்றதும் பருப்பின் வரவும் நின்றது. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டு, பலர் திரும்பாமலே போயினர். தோட்டங்களில் எஞ்சியிருந்த பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் நம்பி வாழ்ந்தனர். மரவள்ளியின் கிழங்கு சோறாயிற்று, இலை கறியாயிற்று. சிறுபாணாற்றுப்படையின் காட்சி ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் மலாயா லயத்து வீடுகளில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். உப்புக்கும் தட்டுப்பாடு இருந்தது.

அக்காலத்தை வாழ்ந்து கடந்த என் பாட்டி, பின்னாளில் கீரை சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி பருப்பை அதிகமாகவே போடுவார். "பருப்பு இருக்கும்போதே போட்டுடணும்" என்பார். சிறு வயதில் அது எனக்கு வெறும் பழக்கமாகவே தெரிந்தது. வரலாற்றைப் படித்த பிறகே அந்த ஒரு பிடியின் பொருள் விளங்கியது.

செய்முறை

பெற்றோர்கள் சமைத்துப் பார்க்க வசதியாக நான்கு பேருக்கான அளவைத் தருகிறேன். பாசிப்பருப்பு 100 கிராம், ஆய்ந்த தண்டுக்கீரை 300 கிராம், சின்ன வெங்காயம் 6, பூண்டு 3 பல், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2, தேவையான உப்பு. மிளகாய்க்கு மாறாக அரைத் தேக்கரண்டி மிளகு சேர்த்தால் முன்னோர் சுவையை அறியலாம்.

பருப்பை மஞ்சளும் பூண்டும் சேர்த்து மலர வேகவையுங்கள். புளியோ தக்காளியோ சேர்ப்பதாயின் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும்; புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு குழையாது. கீரையை நன்கு அலசிய பின் நறுக்குங்கள். நறுக்கிய பின் அலசினால் சத்து நீரோடு போய்விடும். வெந்த பருப்பில் வெங்காயத்தையும் கீரையையும் இட்டுச் சட்டியை மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மங்காது. தேங்காய், சீரகம், மிளகாய் மூன்றையும் அரைத்து ஊற்றி, உப்பிட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

அந்தத் தாளிப்பு மணத்திற்கு மட்டுமன்று. கீரையில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்க எண்ணெய் துணை செய்கிறது. உண்ணும் வேளையில் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அதிலுள்ள உயிர்ச்சத்து 'சி', கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். அரிசியில் குறைந்த புரதக்கூறு பருப்பில் உண்டு. பருப்பில் குறைந்தது அரிசியில் உண்டு. கூட்டு என்ற பெயர் இங்கும் பொருந்துகிறது.

கதவைத் திறப்போம்

இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. 1970-கள் தொடங்கி நம்மவர்கள் பெருமளவில் நகரங்களை நோக்கி நகர்ந்தனர். அடுக்குமாடி வீட்டில் வேலியோரம் ஏது? பதினாறில் ஒரு பங்கு நிலம் போனது. அதனோடு, எந்தச் செடி உண்ணத்தக்கது, எதை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்ற அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. பருப்பு வாங்கும் வசதி நமக்கு வந்துவிட்டது; கீரையின் பெயர்கள் நம்மைவிட்டு அகல்கின்றன. முன்னோருக்கு நேர்ந்ததற்கு இது நேர்மாறான நிலை.

இதில் ஆசிரியர்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையின்போது மாணவர்களுக்கு ஓர் ஒப்படைப்பு கொடுங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் தோட்டத்தில் உண்ட கீரைகளின் பெயர், அது முளைத்த இடம், சமைத்த முறை ஆகிய மூன்றையும் எழுதி வரச் சொல்லுங்கள். என் வகுப்பில் இதைச் செய்தபோது, தொடக்கத்தில் சில பெற்றோர்கள் "அந்தக் கஷ்டகாலக் கதையெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு ஐயா?" என்று கேட்டனர். அவர்களின் கூச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால், பேரப்பிள்ளை தாளும் எழுதுகோலுமாக அருகில் வந்து அமர்ந்ததும் பாட்டிமார்கள் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். குப்பைமேனி, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, பசலை, முடக்கத்தான் என்று எங்கள் வகுப்புச் சுவரில் பெயர்கள் ஏறின. அவற்றுள் எவை உணவு, எவை மருந்து என்று பிரிப்பதே இரண்டு பாடவேளைகளுக்கு உரிய பணியாயிற்று.

வறுமையை மறைக்கக் கதவை அடைத்த பாணன் மனைவியின் நாணம் அவள் காலத்திற்கு உரியது. நமக்கு அது வேண்டியதில்லை. கையில் காசில்லாத காலத்திலும் மண்ணைப் படித்துப் பிள்ளைகளை வளர்த்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். அதை நம் பிள்ளைகள் பெருமையோடு எழுதட்டும். எழுதிய கையோடு ஒரு கரண்டிக் கூட்டையும் சோற்றில் பிசைந்து உண்ணட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கீரைப் பெயர்களை நீங்களும் இன்றே எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.